பித்தளையில் ஒரு கும்பிடுபூச்சிப் பெண்: வீவக வீட்டிலேயே செய்து முடிக்கும் வழி

இதைப் படித்துச் செய்து முடித்தால் உங்கள் மேசையில் ஒரு சாணுக்குச் சற்றுக் கூடுதலாக, ஏறத்தாழ 24 சென்டிமீட்டர் உயரத்தில் ஓர் உருவம் நிற்கும். இடுப்புக்கு மேல் பெண், கீழே நான்கு பூச்சிக்கால்கள், பின்னால் நீண்ட வயிறு, அதன்மேல் சிறகு. வெல்டிங் தெரிந்திருக்க வேண்டாம். சால்டர் என்னும் உலோகக் கலவையை உருக்கி உலோகத்தை இணைக்கும் சால்டரிங் இரும்பைப் பிடிக்கத் தெரிந்தால் போதும், அதையும் இங்கேயே பழகிக்கொள்ளலாம்.

புதிதாக வருகிறவர்களில் அநேகம் பேர் சிறகில் தொடங்குகிறார்கள். அடுத்து முகம். இரண்டும் அழகாகவே வரும். அப்புறம் அதை எதில் மாட்டுவது என்று பார்க்கும்போதுதான் உடம்பே இல்லை என்பது உறைக்கும். அவசரமாக ஓர் உடம்பைச் செய்து ஒட்டினால் பொம்மை பின்பக்கமாகச் சாயும். ஆகவே கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள். நிற்கும் பாகங்கள் முதலில், பார்க்கும் பாகங்கள் கடைசியில்.

1. எங்கே உட்கார்ந்து செய்வது

வீவக வீட்டில், அதாவது சிங்கப்பூரின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக அடுக்குமாடி வீட்டில், தாராளமாகச் செய்யலாம். சமையலறையில் மட்டும் சால்டரிங் வேண்டாம். ஈயம் கலந்த சால்டரின் துகள் சோற்றுப் பானைக்குப் பக்கத்தில் இருக்கக் கூடாது. சன்னலோரம் ஒரு மேசை, அதன்மேல் பழைய பலகை, அவ்வளவுதான். மின்விசிறியை உங்கள் முகத்துக்கு எதிரே வைத்துப் புகையை உங்கள் மேலேயே அடித்துக்கொள்ளாதீர்கள். பக்கவாட்டில் வைத்து, புகை சன்னல் வழியே போகும்படி திருப்புங்கள். சால்டர் ஒட்டுவதற்காகத் தடவும் ஃபிளக்ஸின் புகை ஆஸ்துமாக்காரர்களுக்கு ஆகாது.

வீட்டுக்கு வெளியே பொது நடைபாதையில் செய்யலாம் என்று சிலர் கிளம்புவார்கள். அது தீவிபத்து நேரத்தில் எல்லாரும் ஓடும் வழி. சூடான இரும்பும் வயரும் அங்கே கிடக்கக் கூடாது. தகடு தட்டுவதும் அரம் போடுவதும் பகல் வேலையாக இருக்கட்டும். ராத்திரி பத்து மணிக்குச் சுத்தியல் எடுத்தால் கீழ்வீட்டு ஆன்ட்டி மேலே வருவார், அவர் பக்கம்தான் நியாயம்.

கண்ணாடி கட்டாயம். கம்பி வெட்டும்போது துண்டு எந்தப் பக்கம் பறக்கும் என்று யாருக்கும் தெரியாது. வெட்டும் முனையை விரலால் அழுத்திக்கொண்டு வெட்டினால் பறக்காது. முதல் நாளே அந்தப் பழக்கம் வந்துவிட வேண்டும்.

2. வாங்க வேண்டியவை, பொறுக்க வேண்டியவை

வாங்க வேண்டியவை கொஞ்சம்தான். பித்தளைக் கம்பி 3, 2, 1 மில்லிமீட்டர் தடிமன்களில். சிறகு நரம்புக்கு 0.5 மில்லிமீட்டர். 0.1 மில்லிமீட்டர் பித்தளைத் தகடு ஒன்று. 2 மில்லிமீட்டர் கம்பி நுழையும் அளவில் சிறு பித்தளைக் குழாய். கூர்மூக்குக் குறடு, வெட்டுக் குறடு, அரம், 400 எண் உப்புத்தாள், சிறு கைத்துரப்பணம் (டிரில்).

சால்டரிங் இரும்பு 100 வாட்டாவது இருக்கட்டும், முனை தட்டையாக உளிபோல் அகலமாக. மின்னணு வேலைக்கு வாங்கிய 30 வாட் பேனா இரும்பை எடுத்துக்கொண்டு வருகிறவர்கள் நிறைய. பித்தளை சூட்டை உடனே இழுத்துக்கொண்டு ஓடிவிடும். 3 மில்லிமீட்டர் கம்பியில் அந்தச் சின்ன இரும்பை எவ்வளவு நேரம் வைத்தாலும் சால்டர் உருண்டு நிற்குமே தவிர ஓடாது.

இரும்பும் சால்டரும் சிம் லிம் டவரில் கிடைக்கும். கம்பி, துரப்பணம், அரம் போன்றவற்றுக்கு ஜாலான் புசார், கிளந்தான் லேன் பக்கத்து ஹார்ட்வேர் கடைகள். மெல்லிய தகட்டுக்கு பிராஸ் பாசா காம்ப்ளெக்ஸில் ஓவியப்பொருள் கடைகளைப் பாருங்கள்.

பொறுக்க வேண்டியவைதான் உருவத்துக்கு உயிர் கொடுக்கும். சுங்கை ரோடு பழம்பொருள் சந்தை 2017 ஜூலையில் மூடியபின் உடைசல் சாமான் ஒரே இடத்தில் கிடைப்பதில்லை. சைக்கிள் கடையில் பழைய சங்கிலி கேளுங்கள். கடிகாரம் பழுதுபார்க்கும் கடையில் சிறு பல்சக்கரம் கேளுங்கள். பழைய சாமான் வாங்கும் காராங்குனிக்காரரிடம் பழைய பித்தளைக் குழாய்த்தலை, கரண்டி கேளுங்கள். கேட்டால் பெரும்பாலும் கொடுத்துவிடுவார்கள்.

பொறுக்கியதை அப்படியே சூடாக்காதீர்கள். முதலில் காந்தம் வையுங்கள். பித்தளை நிறத்தில் இருந்து காந்தம் ஒட்டினால் அது முலாம் பூசிய இரும்பு. சாம்பல் நிறத் துத்தநாகப் பூச்சுள்ள கம்பி, ஆணி எதையும் நெருப்பில் காட்டவே கூடாது. துத்தநாகப் புகை ராத்திரி காய்ச்சலும் குளிருமாக வந்து நிற்கும். எவர்சில்வர் கரண்டியில் சாதாரண ஃபிளக்ஸ் வேலை செய்யாது, அதன் மேற்பரப்பில் இருக்கும் குரோமிய ஆக்சைடு சால்டரை ஒட்டவிடாது. எவர்சில்வரைத் துளையிட்டு, கம்பி நுழைத்து, முனையைத் தட்டி இறுக்குங்கள். அலுமினியத்தை இந்த வேலைக்கு எடுக்கவே வேண்டாம்.

3. ஆறு என்ற கணக்கு

பேப்பரில் கோடு போடுவதற்கு முன் இதை முடிவு செய்ய வேண்டும். பூச்சி என்று கண் நம்புவதற்குக் காரணம் கால்களின் எண்ணிக்கையும் அவை கிளம்பும் இடமும். பூச்சிக்கு ஆறு கால், ஆறும் மார்பிலிருந்தே வரும், வயிற்றிலிருந்து ஒன்றும் வராது. மார்பு மூன்று துண்டு. ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு சோடிக் கால். சிறகு இரண்டாம், மூன்றாம் துண்டுகளில்.

இதை மனித உடம்போடு இப்படிப் பொருத்துங்கள். பெண்ணின் மேலுடம்பு முழுவதும் முதல் மார்புத் துண்டு. அவளுடைய இரண்டு கைகள்தான் முன்னங்கால்கள். இடுப்பில் கட்டைபோல் குறுகலாக வரும் பகுதிதான் மற்ற இரண்டு துண்டுகள், அங்கிருந்து நான்கு கால்கள். கூட்டினால் ஆறு. கை இரண்டு வைத்து, அதோடு ஆறு கால் வைத்தவர்களின் உருவம் எட்டுக்கால்பூச்சியாகிவிடும். ஏன் இப்படித் தெரிகிறது என்று அவர்களுக்கே புரியாது.

சிறகு எங்கே? தோள்பட்டையில் வைக்கத்தான் கை போகும், தேவதைப் படங்கள் பார்த்த பழக்கம். ஆனால் மேற்சொன்ன கணக்குப்படி சிறகு இடுப்புக் கட்டையின் முதுகில், கால்களுக்கு நேர் மேலே வர வேண்டும். நிஜக் கும்பிடுபூச்சியைப் பாருங்கள், கழுத்துபோல நீண்டிருக்கும் முதல் மார்புத் துண்டைத் தாண்டிக் கீழேதான் சிறகு தொடங்கும். இதில் இன்னொரு லாபம், சிறகின் எடை நேராகக் கால்களில் இறங்கும். தோளில் மாட்டியவை சாய்வதற்கும் இங்கே மாட்டியவை நிற்பதற்கும் காரணம் இதுதான்.

நிஜ மாதிரி வேண்டுமென்றால் என்யுஎஸ் (சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழக) வளாகத்தில் இருக்கும் லீ கோங் சியான் இயற்கை வரலாற்று அரும்பொருளகத்துக்குப் போய்ப் பாருங்கள். பூங்காவில் பார்த்தால் கைபேசியில் பக்கவாட்டுப் படம் எடுங்கள், போதும். இயற்கைக் காப்பகங்களில் அனுமதியில்லாமல் பூச்சி பிடிப்பது குற்றம்.

4. உண்மை அளவில் இரண்டு படம்

முன்பக்கம் ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, இரண்டும் உருவத்தின் அதே அளவில். சின்னதாக வரைந்து பெருக்கிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். கம்பியை அந்தக் கோட்டின் மேலேயே வைத்து வளைக்கப் போகிறோம்.

அளவுக்குத் தலையைப் பிடித்துக்கொள்ளுங்கள். தலை 2.4 சென்டிமீட்டர் என்றால் உச்சியிலிருந்து இடுப்பு அடிவரை நான்கு தலை வைக்கலாம், கும்பிடுபூச்சியின் நீண்ட கழுத்துக்காக அரைத் தலை கூட்டினால் 10.8. இடுப்புக் கட்டை 3 சென்டிமீட்டர் நீளம், வயிறு பின்னால் 9 முதல் 10. மீதி உயரத்தைக் கால்கள் தரும்.

கால்களை வரையும்போது ஒன்றைக் கவனியுங்கள். பூச்சியின் கால் உடம்பிலிருந்து முதலில் மேலே ஏறி, முழங்காலில் மடிந்து, அப்புறம் கீழே இறங்கும். நேராகக் கீழே தொங்கும் கால் நாற்காலிக் கால் போலிருக்கும். முழங்கால், இடுப்புக் கட்டையைவிட ஒன்றரை சென்டிமீட்டராவது உயரத்தில் இருக்கட்டும்.

5. கம்பியை இளக்குதல்

பித்தளையை வளைக்க வளைக்க அது கெட்டிப்படும். ஒரே இடத்தில் நான்கைந்து முறை வளைத்து நிமிர்த்தினால் பட்டென்று ஒடியும். நிறைய வளைவு வரும் துண்டுகளை மட்டும் முன்கூட்டியே இளக்கிக்கொள்ளுங்கள். கேஸ் அடுப்பில், புகைபோக்கியைப் போட்டுவிட்டு, விளக்கை அணைத்து, கம்பியைக் குறட்டில் பிடித்துத் தீயில் மெல்ல நகர்த்துங்கள். இருட்டில் மங்கலான சிவப்புத் தெரிந்ததும் எடுத்துவிடுங்கள். பளிச்சென்று சிவக்கவிட்டால் உருகும் நிலைக்குப் போய்விடும். சிவப்பு மறைந்தபின் தண்ணீரில் போடலாம்.

முதுகெலும்புக்கும் கால்களுக்கும் இது வேண்டாம். அவை கெட்டியாக இருப்பதுதான் நல்லது. கடையில் வாங்கிய புதுக்கம்பியைத்தான் அடுப்பில் காட்ட வேண்டும், பொறுக்கியதை அல்ல.

6. எலும்புக்கூடு

முதுகெலும்பு ஒரே கம்பி, 3 மில்லிமீட்டர். தலை உச்சியிலிருந்து தொடங்கி, முதுகின் வளைவு, இடுப்பில் ஒரு திருப்பம், அங்கிருந்து வயிற்றின் நுனிவரை. இடையில் வெட்டி ஒட்டக் கூடாது. இடுப்புத் திருப்பத்தில்தான் முழு எடையும் நிற்கிறது, அங்கே சால்டர் இருந்தால் ஒரு நாள் விடும்.

கால்கள் 2 மில்லிமீட்டர். இடது காலும் வலது காலும் தனித்தனியாக அல்ல, ஒரு சோடிக்கு ஒரே நீளக் கம்பி. நடுவில் வளைத்து முதுகெலும்பின் அடியில் கொடுத்து இரண்டு பக்கமும் கொண்டுவாருங்கள். இதனால் இரண்டு காலும் ஒரே அளவில் வரும், இணைப்பில் இழுவிசையும் குறையும். பாதத்துக்குக் கீழே ஒரு சென்டிமீட்டர் கூடுதலாக விடுங்கள். அந்த மிச்சம்தான் மேடைக்குள் இறங்கப் போகிறது.

இப்போதே மேடையும் வேண்டும். கெட்டியான மரத்துண்டு ஒன்றில் நான்கு பாதங்களின் இடத்தைக் குறித்து 2 மில்லிமீட்டர் துளை போடுங்கள். மேடையைக் கடைசி வேலையாகத் தள்ளிப்போடுவதுதான் அடிக்கடி பார்க்கும் தவறு. கால்கள் துளைகளில் நிற்கும்போதுதான் முதுகெலும்பைச் சரியான கோணத்தில் கட்ட முடியும். வேலை நடக்கும்போது மேடையே பிடிப்பானாகவும் இருக்கிறது.

தோளுக்கு 2 மில்லிமீட்டர் குறுக்குக் கம்பி ஒன்று. இடுப்புக் கட்டையின் முதுகில், சிறகுக்காக, குழாயை 8 மில்லிமீட்டர் நீளத்தில் நான்கு துண்டு வெட்டி வையுங்கள். சிறகு கடைசியில்தான் வரும், ஆனால் அது நுழையும் குழாய்களை இப்போதே வைத்தாக வேண்டும். பிறகு அங்கே சூட்டோடு போனால் கால் இணைப்புகள் உருகும்.

எல்லாவற்றையும் மெல்லிய கம்பியால் இறுக்கிக் கட்டுங்கள். சால்டர் இல்லாமலேயே ஆடாமல் நிற்க வேண்டும். ஆடினால் மேற்கொண்டு போகாதீர்கள், கட்டிய கம்பியை அவிழ்த்து மறுபடி கட்டுங்கள்.

பிறகு இடுப்பிலிருந்து நூலில் ஒரு நட்டைத் தொங்கவிட்டுப் பாருங்கள். நட்டு நான்கு பாதங்களுக்கு நடுவே விழ வேண்டும். மேலுடம்பு முன்னே சாய்ந்தால் அந்த எடையை வயிறு பின்னே இழுத்துச் சமன்செய்யும். போதவில்லையா, வயிற்று நுனியில் ஒரு பித்தளை நட்டைக் கோத்துவிடுங்கள், பிறகு வரும் வயிற்றுப் பட்டைகளுக்குள் மறைந்துவிடும்.

7. சால்டரிங்

எல்லா இணைப்புகளையும் உப்புத்தாளால் பளபளப்பாகத் தேய்த்து, ஃபிளக்ஸ் தடவி, அதன்பின் இரும்பு. இரும்பை உலோகத்தில் வையுங்கள், சால்டரில் அல்ல. உலோகம் சூடானதும் எதிர்ப்பக்கத்தில் சால்டரைத் தொட்டால் தானே உள்ளே இழுத்துக்கொள்ளும். சால்டரை இரும்பில் உருக்கிச் சொட்டுச் சொட்டாக வைத்தால் மேலே சாம்பல் நிறக் கட்டியாக உட்காரும். பார்க்க ஒட்டியதுபோல் இருக்கும், குறட்டால் இழுத்தால் கையோடு வரும். ஒவ்வொன்றையும் ஆறியபின் இழுத்துப் பாருங்கள்.

சூடாக்கும் துண்டு மரத்தின்மேல் இருக்கட்டும். இரும்பு மேசை, எவர்சில்வர் தட்டு இவற்றின்மேல் வைத்தால் சூடு முழுவதையும் அவை வாங்கிக்கொள்ளும்.

அடுத்த இணைப்புக்குப் போகும்போது முதல் இணைப்பு உருகிவிடுகிறது என்பதுதான் எல்லாரும் சொல்லும் குறை. இரண்டு வழி உண்டு. முதலாவது, முடித்த இணைப்பின்மேல் ஈரக் காகிதக் கைக்குட்டையைச் சுற்றிவிடுவது. தண்ணீர் இருக்கும்வரை அந்த இடம் 100 டிகிரியைத் தாண்டாது. இரண்டாவது, இரண்டு வகை சால்டர். எலும்புக்கூட்டுக்கு ஈயம் இல்லாத வெள்ளீயச் செம்புக் கலவை, அது உருக 227 டிகிரி செல்சியஸ் வேண்டும். அதன்பின் வரும் சிறு பாகங்களுக்கு 60க்கு 40 வெள்ளீய ஈயக் கலவை, 183 முதல் 190 டிகிரிக்குள் ஓடிவிடும். இரண்டையும் சேர்த்துச் செய்தால் நிம்மதி.

வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் ஈயத்தை விட்டுவிட்டு, வெள்ளீய பிஸ்மத் சால்டர் எடுங்கள். 138 டிகிரியில் உருகும், ஆனால் நொறுங்கும் தன்மை உண்டு, எடை தாங்கும் இடத்தில் வேண்டாம். பிஸ்மத்தையும் ஈயத்தையும் ஒரே இணைப்பில் மட்டும் கலந்துவிடாதீர்கள். கலந்த இடம் 96 டிகிரியிலேயே இளகலாம், கொதிக்கிற தண்ணீர் ஊற்றினால் கால் கழன்றுவிடும்.

வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். நடுவில் டீ குடிக்க எழுந்தாலும் அப்படியே.

8. வயிறும் மார்பும்

வயிற்றுக்கு 0.1 மில்லிமீட்டர் தகட்டில் எட்டுப் பட்டைகள், அகலம் பெரியதிலிருந்து சிறியதாக. ஒவ்வொன்றையும் பென்சிலில் சுற்றி வளைத்து, நுனியிலிருந்து தொடங்கி முன்னோக்கி வாருங்கள். முன்பட்டை பின்பட்டையின்மேல் கொஞ்சம் ஏறி உட்கார வேண்டும், பூச்சியில் அப்படித்தான். முன்னாலிருந்து தொடங்கியவர்கள் கடைசியில் ஒவ்வொரு பட்டையையும் நெம்பித் தூக்கிச் செருக வேண்டியிருக்கும்.

பட்டைக்கு ஒரே ஒரு சால்டர்ப் புள்ளி, அடிப்பக்கத்தில். சுற்றிலும் ஒட்டினால் மெல்லிய தகடு சூட்டில் நெளிந்துவிடும்.

பெண்ணின் மார்பையும் முதுகையும் முழுக்க மூடாதீர்கள். விலா எலும்பு போல 1 மில்லிமீட்டர் கம்பி வளையங்கள் போதும், உள்ளே ஒரு கடிகாரப் பல்சக்கரம் தெரியட்டும். வெற்றிடம் இருந்தால்தான் உருவம் இலேசாகத் தெரியும். முழுதாக மூடியவை பெரும்பாலும் கவசம் போட்ட படைவீரன் போல ஆகிவிடுகின்றன.

9. கையும் தலையும்

கும்பிடுபூச்சியின் முன்காலை மனிதக் கையோடு வைத்துப் பாருங்கள். உடம்போடு சேரும் முதல் துண்டு அதற்கு வழக்கத்துக்கு மாறாக நீளம், அது மேற்கை. முள் வைத்த தொடைத்துண்டு, முன்கை. அதன்மேல் மடங்கும் கணைத்துண்டு, உள்ளங்கை இருக்க வேண்டிய இடத்தில். ஆக விரல் செய்ய வேண்டியதே இல்லை. விரல் செய்யப் போய்த்தான் பலர் பொறுமையிழந்து விட்டுவிடுகிறார்கள்.

முன்கைக்கு 2 மில்லிமீட்டர் கம்பியைச் சுத்தியலால் தட்டையாக்கி, ஒரு விளிம்பில் அரத்தால் பல் வெட்டுங்கள். கணைத்துண்டு அதன்மேல் பாதி மடங்கி நிற்கட்டும். முழுக்க மடக்கினால் பற்கள் மறைந்துவிடும், முழுக்க நீட்டினால் கத்தி பிடித்த பொம்மை.

தலைக்குச் சிறு கரண்டியின் குழி நல்ல அச்சு. தகட்டை அதில் வைத்து மரக்கட்டையால் அழுத்தி இரண்டு பாதி செய்து சேர்க்கலாம். மூக்கு, வாய் வேண்டாம் என்பது என் கட்சி. முக்கோணத் தலை, அகன்று பக்கவாட்டில் நிற்கும் இரண்டு கண், நெற்றியிலிருந்து கிளம்பும் 0.5 மில்லிமீட்டர் உணர்கொம்பு. இவ்வளவே போதும், பெண் என்பதைக் கழுத்தும் தோளின் சாய்வும் சொல்லிவிடும். கண்ணுக்குச் சிறு தாங்குகுண்டுகள் (பேரிங் குண்டுகள்) அழகு, ஆனால் அவை எஃகு. தகட்டில் சற்றுச் சிறிய துளை போட்டு, உள்ளிருந்து வெளியே பிதுங்கும்படி வைத்து, பின்னால் பசையால் பிடியுங்கள். தலையின் இரண்டு பாதியையும் சேர்ப்பதற்கு முன் துளை போட்டுக்கொள்ளுங்கள். குண்டைச் சால்டரிங் எல்லாம் முடிந்து, கழுவி, நிறம் ஏற்றியபின் கழுத்து வழியாக உள்ளே விடலாம்.

10. சிறகு

முன்சிறகு இரண்டு, பின்சிறகு இரண்டு. சிறகின் முன்விளிம்பு நரம்புதான் தடிமன், பின்னால் போகப்போக மெலியும். ஆகவே முன்விளிம்புக்கு 2 மில்லிமீட்டர் கம்பி, மற்றதற்கு 1, உள்நரம்புக்கு 0.5. எல்லாவற்றையும் ஒரே கம்பியில் செய்தால் பூவேலைக் கொலுசு மாதிரி இருக்கும், பறக்கிற சிறகாகத் தெரியாது.

படத்தின்மேல் கம்பிகளை வைத்து ஒட்டுநாடாவால் பிடித்துச் சால்டரால் இணையுங்கள். முன்விளிம்புக் கம்பியின் அடி முனை ஒரு சென்டிமீட்டர் நீட்டிக்கொண்டு இருக்கட்டும், அதுதான் குழாய்க்குள் போகும். குழாயில் ஒட்டாதீர்கள், செருகினால் போதும். கண்காட்சிக்கோ நண்பர் வீட்டுக்கோ எம்ஆர்டி ரயிலில் கொண்டுபோகும்போது கழற்றித் தனியாகச் சுற்றிக்கொள்ளலாம்.

11. கழுவி, நிறம் ஏற்றி, மெழுகு பூசுதல்

ஃபிளக்ஸ் மிச்சம் இருந்தால் இரண்டு வாரத்தில் இணைப்புகளில் பச்சை பூக்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் சமையல் சோடா போட்டுப் பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவி, முடி உலர்த்தியால் உலர்த்துங்கள். வயிற்றுப் பட்டைகளுக்குள் தண்ணீர் தங்கும், அங்கே கொஞ்சம் அதிக நேரம் காட்டுங்கள்.

சால்டர் இடங்கள் மட்டும் வெள்ளையாகப் பல்லிளிக்கும். மயில்துத்தக் (காப்பர் சல்பேட்) கரைசலைப் பஞ்சில் தொட்டு அங்கே தடவினால் செம்பு படிந்து நிறம் இணங்கும். கையுறை போடுங்கள், மிச்சத்தைச் சாக்கடையில் ஊற்றாமல் காகிதத்தில் ஒற்றி எடுத்து மூடிக் குப்பையில் போடுங்கள். மீனுக்கு அது நஞ்சு.

உருவம் கருக்க வேண்டுமானால் வேகவைத்த முட்டையை நான்காக நறுக்கி, உருவத்தோடு மூடிய டப்பாவில் வையுங்கள். முட்டை உலோகத்தில் படக் கூடாது. மஞ்சள்கருவிலிருந்து வரும் கந்தக வாயு வேலையைப் பார்த்துக்கொள்ளும். செம்பு படிந்த இடம் சீக்கிரம் கருக்கும், பித்தளை நிதானமாக. அவ்வப்போது திறந்து பாருங்கள், போதும் என்றதும் எடுத்துவிடுங்கள்.

பச்சை நிறத்துக்கு அம்மோனியா பயன்படுத்தச் சொல்லும் குறிப்புகள் இணையத்தில் ஏராளம். இந்த உருவத்துக்கு வேண்டாம். வளைத்துக் கெட்டிப்பட்ட பித்தளை, அம்மோனியாப் புகையில் தானாகவே விரிசல் விடும். நான்கு மெல்லிய கால்களில் நிற்கிற உருவத்தில் அதைச் சோதித்துப் பார்க்கத் தேவையில்லை.

கடைசியில் நிறமில்லாத மெழுகு. நம்மூர்க் காற்றில் ஈரம் எப்போதும் அதிகம், அதனால் பூசுவதற்குச் சற்று முன் மறுபடி முடி உலர்த்தியால் சூடாக்கி, சூடு இருக்கும்போதே மெல்லிய துணியால் தடவுங்கள். எஃகுக் கண்களுக்கும் சங்கிலித் துண்டுகளுக்கும் இரண்டு தடவை, துருப்பிடிப்பது அவைதான். பாதங்களைத் துளையில் பசையிட்டு நிறுத்தி ஒரு ராத்திரி விட்டுவிடுங்கள், மறுநாள் சிறகைச் செருகலாம். மெழுகை ஆறு மாதத்துக்கு ஒரு முறை புதுப்பித்தால் போதும், சன்னலோரத்தில் வைத்திருந்தால் இன்னும் சீக்கிரம்.